கணினிச் சில்லின் தொடக்கமும் விடுபட்ட பெயர்களும்

ஒரு சிறு சிலிக்கான் துண்டின்மேல் பல டிரான்சிஸ்டர்களையும் அவற்றை இணைக்கும் மின்பாதைகளையும் சேர்த்து உருவாக்கியதே ஒருங்கிணைந்த சுற்று எனப்படும் சில்லு. கணினியின் மையச் செயலகம் முழுவதும் ஒரே சில்லில் அடங்கினால் அது நுண்செயலி. சில்லைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் என்ற இரு பெயர்களும், நுண்செயலியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு டெட் ஹாஃப் என்ற பெயரும் விடையாகத் தரப்படுகின்றன. இந்த விடைகள் தவறானவை அல்ல. ஆனால் இம்மூவரும் செய்த வேலை மட்டுமே இருந்திருந்தால் தொழிற்சாலையில் உருவாக்கி விற்கக்கூடிய ஒரு சில்லுகூட வந்திருக்காது. உலையில் ஏற்பட்ட விபத்தைக் கவனித்த வேதியியலாளர்கள், வரைபடத்தைச் சிலிக்கானில் இறக்கிய பொறியாளர்கள், சிவப்புத் தாளைக் கத்தியால் அறுத்த வரைவாளர்கள், நுண்ணோக்கியின் கீழ் தங்கக் கம்பியை ஒட்டிய பெண்கள் எனப் பலர் அந்த விடைகளுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கில்பியின் சில்லில் இருந்த குறை

1958-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கில்பி புதிதாகச் சேர்ந்திருந்தார். புதியவர் என்பதால் அவருக்கு விடுமுறை கிடையாது. மற்றவர்கள் விடுமுறையில் சென்றிருந்த நாட்களில் தனியே அமர்ந்து யோசித்தவர், டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி ஆகிய எல்லாவற்றையும் ஒரே குறைக்கடத்தித் துண்டில் செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அதைச் செய்தும் காட்டினார். 2000-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

அவர் பயன்படுத்தியது ஜெர்மானியத் துண்டு. அதன்மேல் இருந்த உறுப்புகளை மெல்லிய தங்கக் கம்பிகளால் கையாலேயே இணைத்திருந்தார். பத்து உறுப்புகள் இருந்தால் கையால் கம்பி கட்டலாம். ஆயிரம் இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை வேறோரிடத்தில், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தற்செயலாகக் கிடைத்திருந்தது.

தீப்பிடித்த உலை

பெல் ஆய்வகத்தில் கார்ல் ஃப்ராஷ் என்ற வேதியியலாளரும் அவருடைய உதவியாளர் லிங்கன் டெரிக்கும் சிலிக்கான் துண்டுகளை உலையில் வைத்து, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, அவற்றுக்குள் வேறு தனிமங்களை ஊடுருவச் செய்யும் வேலையில் ஈடுபட்டிருந்தனர். 1955-இல் ஒரு நாள் உலைக்குள் ஹைட்ரஜன் தீப்பற்றிக்கொண்டது. தீயினால் உண்டான நீராவி சிலிக்கானின் மேல் படிந்து வேலை செய்ய, துண்டின் மேற்பரப்பில் கண்ணாடி போன்ற நிறப்படலம் ஒன்று உருவானது. அது சிலிக்கான் டை ஆக்சைடு.

கெட்டுப்போன துண்டு என்று தூக்கி எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் அந்தப் படலத்தை ஆராய்ந்தார்கள். குறிப்பிட்ட சில தனிமங்களை அது உள்ளே விடுவதில்லை என்பதையும், அமிலத்தால் அதில் சன்னல்கள் திறந்தால் அந்தச் சன்னல் வழியாக மட்டும் ஊடுருவச் செய்யலாம் என்பதையும் கண்டார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் சிலிக்கானின் தன்மையை மாற்றும் வழி இதனால் கிடைத்தது. இன்றுவரை சில்லுத் தொழிற்சாலைகள் செய்வது அடிப்படையில் இதையேதான். 1957-இல் இம்முடிவுகள் வெளியாயின. பள்ளிப் பாடங்களில் இந்த இருவர் பெயரும் பெரும்பாலும் வருவதில்லை.

அதே ஆய்வகத்தில் எகிப்தில் பிறந்த முகமது அட்டாலா, நன்றாக வளர்க்கப்பட்ட ஆக்சைடு படலம் சிலிக்கான் மேற்பரப்பில் ஏற்படும் மின் தொல்லைகளை அடக்குகிறது என்று காட்டினார்.

ஹோர்னியின் தட்டை முறை

கலிபோர்னியாவில் 1957-இல் எட்டுப் பேர் சேர்ந்து ஃபேர்சைல்ட் குறைக்கடத்தி நிறுவனத்தைத் தொடங்கினர. அவர்களுள் ஒருவர் நாய்ஸ்; இன்னொருவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜீன் ஹோர்னி. அந்நிறுவனம் அப்போது செய்த டிரான்சிஸ்டர்கள் நடுவில் மேடு போல உயர்ந்திருக்கும். அந்த மேட்டின் ஓரங்கள் மூடப்படாமல் இருந்ததால், உறைக்குள் சிறு உலோகத் துகள் இருந்தாலே குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும். உறையைப் பென்சிலால் தட்டினால் சில டிரான்சிஸ்டர்கள் செயலிழந்தன. ராணுவத்துக்கு விற்கும் பொருளில் இத்தகைய கோளாறு நிறுவனத்தையே மூழ்கடிக்கக்கூடியது.

உருவாக்கும்போது தோன்றும் ஆக்சைடு படலம் அழுக்கானது, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஹோர்னி அதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார். படலத்தை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டால் அதுவே டிரான்சிஸ்டருக்குக் கவசமாகும் என்று 1957 டிசம்பர் முதல் நாளில் தம் குறிப்பேட்டில் எழுதினார். 1959 தொடக்கத்தில் அதைச் செயல்படுத்திக் காட்டினார். மேடு மறைந்து மேற்பரப்பு தட்டையானதால் இது தட்டை முறை எனப்பட்டது.

நாய்ஸின் எண்ணம் இதன்மேல்தான் எழுந்தது. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதன்மேல் அலுமினியக் கோடுகளை இட்டு, தேவையான இடத்தில் மட்டும் சன்னல் வழியாகக் கீழே தொடவைத்தால் கம்பியே தேவையில்லை. 1959 ஜனவரியில் அவர் இதைக் குறிப்பேட்டில் எழுதினார்; ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஹோர்னியின் கவசம் இல்லையெனில் நாய்ஸின் கோடுகளுக்குப் படுக்க இடமில்லை. இருவரையும் ஒன்றாகச் சொல்வதே முறை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே சிலிக்கான் துண்டில் பல டிரான்சிஸ்டர்கள் இருந்தால் ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றுக்குள் கசியும். வயல்களுக்கு நடுவே வரப்பு வைப்பதுபோல, எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட சந்திகளை இடையில் வைத்து அவற்றைப் பிரிக்கலாம் என்று ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த குர்ட் லெஹோவெக் 1959 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் பொஹீமியாவில் பிறந்தவர்.

எண்ணங்கள் தாளில் இருந்தன. சில்லாக ஆக்கியவர் ஜே லாஸ்ட். அவரும் ஃபேர்சைல்டின் எட்டு நிறுவனர்களுள் ஒருவர். அவர் தலைமையிலான குழு 1960-இல் தட்டை முறையில் செயல்படும் முதல் ஒருங்கிணைந்த சுற்றுகளை உருவாக்கியது. ஐசி ஹாஸ், லயனல் காட்னர் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். பணம் வீணாகிறது, திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று விற்பனைப் பிரிவுத் தலைவர் கூட்டத்தில் வாதிட்டாராம். மனம் வெறுத்த லாஸ்ட், ஹோர்னியோடு 1961-இல் ஃபேர்சைல்டை விட்டே வெளியேறினார். கில்பிக்கும் நாய்ஸுக்கும் இடையிலான உரிமை வழக்கு 1969 வரை நீதிமன்றத்தில் நடந்தது. அந்தப் பத்தாண்டுச் செய்திகள் இரண்டு பெயர்களையே திரும்பத் திரும்பச் சொன்னதால், மற்றப் பெயர்கள் பின்னுக்குப் போயின.

ஆக்சைடைப் பயன்படுத்தி அட்டாலாவும் கொரியாவைச் சேர்ந்த டாவோன் காங்கும் 1959-இல் புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றை உருவாக்கினார்கள். உலோகம், ஆக்சைடு, குறைக்கடத்தி ஆகிய மூன்று அடுக்குகள் கொண்டதால் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மாஸ் டிரான்சிஸ்டர் என்பர். பெல் ஆய்வகம் அதில் பெரிய அக்கறை காட்டவில்லை. 1962-இல் அட்டாலா அங்கிருந்து விலகினார். இன்றைய கைப்பேசிச் சில்லுகளில் கோடிக்கணக்கில் இருப்பவை இந்த வகை டிரான்சிஸ்டர்களே.

4004: நான்கு பேரின் படைப்பு

1971-இல் வெளிவந்த இன்டெல் 4004, வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதல் ஒற்றைச் சில்லு நுண்செயலியாகக் கருதப்படுகிறது. அது கணினிக்காகத் தொடங்கப்பட்டதன்று. பிசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனம் மேசைக் கணிப்பான் செய்வதற்காக 1969-இல் இன்டெல்லை அணுகியது. பேச்சுவார்த்தைக்கு வந்த குழுவில் மசதோஷி ஷிமா என்ற இளைஞர் இருந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது வேதியியல்.

பிசிகாம் கொண்டுவந்த திட்டத்தில் பல தனிச் சில்லுகள் தேவைப்பட்டன. இவ்வளவு சிக்கலானவற்றைச் செய்ய இன்டெல்லிடம் ஆட்கள் இல்லை. அப்போது டெட் ஹாஃப் ஒரு மாற்று யோசனை சொன்னார். கணிப்பானுக்கென்றே சுற்று அமைப்பதற்குப் பதிலாக, சிறிய பொதுக் கணினி ஒன்றை அமைத்து, கணிப்பானின் வேலைகளை நிரலாக எழுதி நினைவகத்தில் வைத்துவிடலாம் என்றார். நான்கு சில்லுகள் போதும் என்றாயிற்று: நிரல் நினைவகம் 4001, தரவு நினைவகம் 4002, உள்ளீடு வெளியீட்டுக்கு 4003, செயலகம் 4004. 1969 செப்டம்பரில் இன்டெல்லில் சேர்ந்த ஸ்டான் மேசர், ஹாஃபுடன் சேர்ந்து கட்டளைத் தொகுதியைச் செப்பனிட்டார். எண்ணத்தின் பெருமை இவர்களுக்கே உரியது.

ஆனால் ஹாஃப் சில்லு வடிவமைப்பாளர் அல்லர். ஒப்பந்தம் கையெழுத்தானபின் மாதக்கணக்கில் யாரும் அந்த எண்ணத்தைச் சுற்றாக மாற்றவில்லை. 1970 ஏப்ரலில் ஃபெடரிகோ ஃபாஜின் என்ற இத்தாலியர் வேலையில் சேர்ந்தார். சில நாட்களிலேயே, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று சரிபார்க்க ஷிமா ஜப்பானிலிருந்து வந்திறங்கினார். சரிபார்க்க ஒன்றுமே இல்லை. ஷிமாவின் கோபத்தை, வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஃபாஜின் தாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஃபாஜின் இதற்குப் பொருத்தமானவராக அமைந்தது தற்செயலன்று. 1968-இல் ஃபேர்சைல்டில் இருந்தபோது அவர் சிலிக்கான் வாயில் முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்தவர். மாஸ் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதிக்கு வாயில் என்று பெயர். அது அலுமினியத்தால் ஆனதாக இருந்தபோது, அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால் அதை இட்டபின் சில்லைக் கடும் வெப்பத்தில் வைக்க முடியாது. வாயிலைச் சிலிக்கானாலேயே செய்தால் வெப்பத்தைத் தாங்கும். அருகிலுள்ள பகுதிகள் அதை ஒட்டித் துல்லியமாகத் தாமே அமைந்துவிடும். வேகமும் கூடும், இடமும் மிச்சமாகும். இந்த முறை இல்லாமல் அன்றைய நிலையில் 2300 டிரான்சிஸ்டர்களை அத்தனைச் சிறிய துண்டில் அடக்கி வேகமாக இயக்குவது நடவாத காரியம்.

ஷிமா ஊர் திரும்பாமல் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கி, வாடிக்கையாளரின் ஆள் என்ற நிலையை மறந்து தர்க்கச் சுற்றுகளை வடிவமைப்பதிலும் சரிபார்ப்பதிலும் ஃபாஜினுக்குத் துணைநின்றார். நான்கு சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓராண்டுக்குள் உருவாயின. 1970 டிசம்பர் இறுதியில் முதல் 4004 தகடுகள் வந்தபோது ஒன்றுகூட வேலை செய்யவில்லை. நுண்ணோக்கியில் பார்த்த ஃபாஜின், உற்பத்தியில் ஓர் அடுக்கையே போட மறந்திருப்பதைக் கண்டார். 1971 ஜனவரியில் மறுபடியும் தகடுகள் வந்தன. எல்லோரும் வீட்டுக்குச் சென்றபின் அவர் தனியே இருந்து இரவு முழுவதும் சோதித்தார். சில்லு வேலை செய்தது.

அந்தச் சில்லின் ஓரத்தில் எஃப். எஃப். என்று தம் பெயரின் இரு முதலெழுத்துகளை ஃபாஜின் பொறித்துவைத்தார். பிற்காலத்தில் அதற்குப் பெரிய பயன் இருந்தது.

கணிப்பான் சந்தையில் விலை வீழ்ந்ததால் பிசிகாம் விலைக்குறைப்புக் கேட்டது. அதற்கு ஈடாக, கணிப்பான் அல்லாத பயன்களுக்கு அச்சில்லை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை இன்டெல் பெற்றது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குமாறு நிர்வாகத்தை வற்புறுத்தியவர்களுள் ஃபாஜினும் ஒருவர். 4004-ஐ வைத்தே ஒரு சோதனைக் கருவியைச் செய்து, கணிப்பானுக்கு வெளியேயும் அது பயன்படும் என்று காட்டினார். 1971 நவம்பர் 15-ஆம் நாள் எலக்ட்ரானிக் நியூஸ் இதழில் விளம்பரம் வந்தது.

யாருக்கு எந்தப் பெருமை

ஃபாஜின் 1974-இல் இன்டெல்லை விட்டு விலகி சைலாக் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்டெல்லின் 8080 சில்லை வடிவமைத்திருந்த ஷிமாவும் அவரோடு சேர்ந்தார். அவர்களின் இசட் 80 நுண்செயலி 1976-இல் வெளிவந்து இன்டெல்லுக்கே கடும் போட்டியாக அமைந்தது. போட்டியாளராகிவிட்டவரின் பெயரைச் சொல்ல நிறுவனங்கள் விரும்புவதில்லை. அதற்குப்பின் பல ஆண்டுகள் 4004-இன் பிறப்பைப் பற்றிய இன்டெல்லின் செய்திகளில் ஹாஃப் பெயரே முன்னின்றது. இது ஹாஃபின் குற்றமன்று. கணவர் பெயர் விடுபட்டதை எதிர்த்து ஃபாஜினின் மனைவி எல்வியா இடைவிடாமல் எழுதியும் பேசியும் வந்தார். சில்லில் இருந்த அந்த இரண்டு எழுத்துகள் மறுக்க முடியாத சாட்சியாக இருந்தன.

1997-இல் கியோட்டோ பரிசு ஃபாஜின், ஹாஃப், மேசர், ஷிமா ஆகிய நால்வருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 2010-இல் அதிபர் ஒபாமாவிடமிருந்து பெற்றவர்கள் மூவர். அதில் ஷிமா இல்லை.

இந்த நால்வருக்கு அப்பாலும் ஒருவர் இருக்கிறார். ஷார்ப் நிறுவனத்தின் தடாஷி சசாகி பிற்காலத்தில் அளித்த நேர்காணலில் ஒரு செய்தி கூறினார். இன்டெல்லுடன் பேசுவதற்கு முன் ஜப்பானில் நடந்த கருத்துப் பகிர்வுக் கூட்டம் ஒன்றில், கணிப்பானின் சுற்றை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை நாரா மகளிர் கல்லூரியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் சொன்னார் என்பது அது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இதே வேலை நடந்தது. லீ பாய்செல் 1969-இல் ஏஎல்1 என்ற சில்லை உருவாக்கினார். எஃப்-14 போர் விமானத்துக்காக ஸ்டீவ் கெல்லரும் ரே ஹோல்ட்டும் வடிவமைத்த சில்லுத் தொகுதி 1970-இலேயே முடிந்துவிட்டது. ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை அதை வெளியில் சொல்ல ஹோல்ட்டுக்கு அனுமதியில்லை. இன்றைய மேசைக் கணினிகளின் கட்டளைத் தொகுதியின் மூதாதையான இன்டெல் 8008-க்கு அடிப்படைக் கட்டளைகளை வகுத்தவர்கள் இன்டெல்லைச் சேர்ந்தவர்களே அல்லர். சான் அன்டோனியோ நகரத்து நிறுவனம் ஒன்றின் விக் பூர், ஹாரி பைல் ஆகியோர்.

கத்தியும் தங்கக் கம்பியும்

அக்காலத்தில் சில்லின் வரைபடத்தைக் கணினி வரையவில்லை. சிவப்புப் படலம் ஒட்டிய பெரிய ஒளிபுகும் தாளில், சில்லின் அளவைப்போல் பல நூறு மடங்கு பெரிதாக ஒவ்வோர் அடுக்கையும் கத்தியால் அறுத்து, தேவையற்ற சிவப்புப் படலத்தை உரித்து எடுப்பார்கள். பிறகு அதை ஒளிப்படமாக எடுத்துச் சுருக்குவார்கள். ஒரு கீற்று தவறாக உரிந்தால் செய்யும் சில்லுகள் எல்லாம் வீண். 4004-இன் வரைவு வேலையைச் செய்தவர்கள் ராட் சேயர், ஜூலி ஹென்ட்ரிக்ஸ், பார்பரா மேனஸ் ஆகியோர்.

சில்லு செய்து முடித்தபின் அதை உறைக்குள் வைத்து, தலைமுடியினும் மெல்லிய கம்பியால் வெளிமுனைகளோடு இணைக்க வேண்டும். இதை நுண்ணோக்கியின் வழியே பார்த்துச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஃபேர்சைல்ட் 1965-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில் ஓர் ஆலை தொடங்கியது. உச்ச காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பான்மையினர் நவாஹோ பெண்கள். 1969-இல் நிறுவனம் வெளியிட்ட சிற்றேடு, அவர்களின் கம்பள நெசவின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கைத்திறன் பரம்பரையாக வந்தது என்று சொல்லிவிட்டால், அதைக் கற்றுக்கொண்ட உழைப்புக்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை. ஆட்குறைப்பைத் தொடர்ந்து 1975-இல் போராட்டக்காரர்கள் ஆலையைக் கைப்பற்றினர். நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போனது.

ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இன்று வேலை செய்பவர்களிலும் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். அங்கே செய்யப்படுவது சில்லு அன்று, கைப்பேசிக்கான பாகங்கள். ஆயினும் பேருந்தில் முறைவேலைக்குச் செல்லும் அவர்களைப் பார்த்த கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களுக்கு ஷிப்ராக் அவ்வளவு தொலைவான ஊராகத் தோன்றாது.

மேட்டூரில் சிலிக்கான்

சில்லுக்கு மூலப்பொருளான சிலிக்கான் மணலிலிருந்தும் வெண்கல்லிலிருந்தும் வருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில்லுக்குத் தேவையான தூய்மை 99.9999999 விழுக்காடு, நூறு கோடி அணுக்களில் ஒன்றுக்கு மேல் அயல் அணு இருக்கக் கூடாது. கல்லைக் கரியோடு உலையில் உருக்கிக் கிடைக்கும் சிலிக்கானைக் குளோரின் சேர்ந்த வாயுவோடு வினைபுரியச் செய்து திரவமாக்கி, அத்திரவத்தைத் திரும்பத் திரும்ப வாலை வடித்து, பின் ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடான கம்பியின்மேல் மறுபடியும் சிலிக்கானாகப் படியவைக்க வேண்டும். இந்த வேதியியலைக் கையில் வைத்திருந்த நாடுகள் மிகச் சில.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தியும் அவர் குழுவினரும் இதற்கான முறையை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். அதைக்கொண்டு மிகத் தூய சிலிக்கானை உற்பத்தி செய்ய மெட்கெம் சிலிக்கான் நிறுவனம் 1980-களில் மேட்டூர் அணையில் அமைந்தது. எரிசோடா தயாரிக்கும்போது குளோரினும் ஹைட்ரஜனும் உடன் கிடைக்கும். மேட்டூர் ஏற்கெனவே அத்தொழில் நடந்த ஊர்.

அதே காலத்தில் மத்திய அரசு, அமெரிக்காவின் ஹெம்லாக் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி வடோதராவில் தேசிய சிலிக்கான் ஆலை அமைக்கத் திட்டமிட்டது. உள்நாட்டில் முறை இருக்கும்போது பெருந்தொகை கொடுத்து வெளியிலிருந்து ஏன் வாங்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் கேட்டனர். நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் விவாதம் எழுந்தது. வடோதரா திட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவின் சில்லு ஆலையான மொகாலி குறைக்கடத்தி வளாகம் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1989 பிப்ரவரி 7-ஆம் நாள் நேர்ந்த தீ விபத்தில் எரிந்தது. மீண்டும் கட்டியெழுப்பப் பல ஆண்டுகள் ஆயின. இந்தியச் சில்லு வரலாற்றைப் பேசுவோர் மொகாலித் தீயைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர். மேட்டூரில் வெண்கல்லைத் தொண்ணூற்றொன்பதுக்குப்பின் ஏழு ஒன்பதுகள் வரை தூய்மையாக்க முயன்றவர்களைப் பற்றி அவ்வரலாறுகளில் சில வரிகளே காணப்படுகின்றன.